வேலியோரத்து நஞ்சுகள்



நம் வீட்டு முற்றத்திலும் வேலியோரத்திலும் நாள்தோறும் காணும் செடிகளுட் சில நஞ்சுடையவை. பூசைக்கு உதவும் அரளி, விநாயகருக்குச் சாத்தும் எருக்கு, தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தள், பொற்கொல்லர் பொன் நிறுக்கக் கையாண்ட குன்றிமணி ஆகிய யாவும் அத்தகையனவே. இவற்றை வெட்டி எறியுங்கள் என்று நான் கூறவில்லை. அறிந்து பழகுங்கள் என்றே கூறுகிறேன்.

நஞ்சுண்டவன் உடனே நுரை தள்ளி விழுவான் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. ஒவ்வொரு செடியின் நஞ்சும் ஒவ்வொரு வகையில் தாக்குகிறது.

முதலாவது, ஊமத்தை. அதன் விதை மிளகாய் விதையை ஒத்திருக்கும். அதிலுள்ள அட்ரோபின், ஸ்கோப்பலமைன் என்னும் பொருள்கள் நரம்பு வழிச் செல்லும் செய்திகளைத் தடுக்கின்றன. அதனால் வாய் உலரும். கண்ணின் பாவை விரியும். உடல் வியர்வையின்றிக் காயும். உண்டவன் பிதற்றுவான், இல்லாத பொருளை எட்டிப் பிடிக்க முயல்வான். இதனைப் பேயின் செயல் என்று கருதிக் காலம் கழித்தல் கூடாது.

இரண்டாவது, அரளி. செவ்வரளி, மஞ்சள் அரளி ஆகிய இரண்டும் இதயத்தைத் தாக்குவன. இதயத்தின் உயிரணுக்கள் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உட்கொள்ளும் ஏற்பாட்டை இந்நஞ்சு முடக்குகிறது. முதலில் வாந்தி தோன்றும். பின்னர் நாடி தளர்ந்து, தாளம் தவறும். ஆகவே, வாந்தி நின்றதும் நலமாயிற்று என்று எண்ணிவிடலாகாது.

மூன்றாவது வகை, வயிற்றில் தொடங்குவது. காட்டாமணக்குக் கொட்டை சுவையாக இருப்பதால் சிறுவர் கூடித் தின்பர்; விரைவிலேயே வாந்தியும் பேதியும் காணும். குன்றிமணியை முழுதாக விழுங்கினால் அதன் கடின ஓடு பெரும்பாலும் காக்கும். மென்றாலோ, அதிலுள்ள அபிரின் உயிரணுக்கள் புரதம் ஆக்குவதையே நிறுத்திவிடும். செங்காந்தட் கிழங்கை வள்ளிக்கிழங்கென மயங்கி உண்டோரும் உண்டு. அதன் கால்ச்சிசின், அளவறிந்து மருத்துவர் கொடுத்தால் கீல்வாதத்துக்கு மருந்து. அளவு மீறினால் உயிரணுக்கள் பெருகுவதைத் தடுக்கும் நஞ்சு. குன்றிமணியும் செங்காந்தளும் உண்ட பல மணி நேரம் வரை எக்குறியும் காட்டாதிருக்கலாம். அந்த அமைதியை நம்பி வாளாவிருப்பதே பேராபத்து.

இனி, செய்யத்தக்கது யாது? வாயில் எஞ்சியதைத் துப்பச் செய்து, வாய் கொப்புளிக்கச் செய்யுங்கள். உப்புநீரோ, சாணிக்கரைசலோ கொடுத்து வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். அது மூச்சுக்குழலுட் புகுந்து வேறு கேட்டை விளைக்கும். 108-ஐ அழைத்து மருத்துவமனைக்கு விரையுங்கள். தின்ற செடியின் கிளையொன்றை இலை, காயுடன் எடுத்துச் செல்லுங்கள். தின்ற நேரத்தையும் தெரிவியுங்கள். எருக்கம்பால் கண்ணிற் பட்டால் தூய நீரால் 15 நிமிடமேனும் கழுவிய பின் மருத்துவரை நாடுங்கள்.

இறுதியாக ஒன்று. நான் நெடுங்காலம் சிறுவரோடு பழகியவன். தின்றதைச் சொன்னால் அடி விழும் என்று அஞ்சி வாய்திறவாத சிறுவர் பலர். ஒருவன் நோயுற்றால், உடன் தின்றவரும் இருப்பர். அவர்களையும் தேட வேண்டும். பெற்றோரிடம் சொல்லத் தயங்கும் தம்பி தங்கையர் உங்களிடம் சொல்லுவர். அவ்வேளையில் கடிந்துகொள்ளாது கேளுங்கள். கேட்டவுடன் பெரியோருக்கு உரையுங்கள். நீங்கள் கற்ற தாவர நூல் ஓர் உயிரைக் காக்கும் நேரம் அதுவே.