ஒரே தொட்டியில் ஒத்துப்போகாத மீன்கள்

போன மாதம் நாங்கள் போயிருந்த ஒரு லயத்தில் ஜன்னலோரமாக இரண்டடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக் கொழுந்தில் கிடைத்த பணத்தைச் சேர்த்து வைத்து அம்மா வாங்கிக் கொடுத்ததாம். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகன் டவுனில் பார்த்ததில் அழகானதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வந்திருக்கிறான்: ஒரு ஃபைட்டர், இரண்டு டைகர் பார்ப், நான்கு கப்பி, ஒரு ஏஞ்சல். ஒரு வாரத்திற்குள் கப்பிகளுக்கு வால் இல்லை. ஃபைட்டர் மூலையில் ஒடுங்கிக் கிடக்குது.

"சீக்குப் புடிச்சிருச்சுங்க, மருந்து ஊத்தியும் கேக்கலை" என்றார் அந்தத் தாய்.

அது சீக்கு இல்லை, கடி. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. வால் அழுகும் நோய் என்றால் ஓரம் வெளுத்து, நார் நாராகக் கரைந்து போகும். கடி என்றால் பல்லால் கொறித்த மாதிரி துண்டு துண்டாகக் குறைந்திருக்கும், ஓரம் சுத்தமாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் தீனி போடும் நேரத்தில் தொட்டிக்குக் கொஞ்சம் தள்ளி அசையாமல் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். கள்ளன் தானாகவே வெளியே வருவான். அன்றைக்கு எங்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. எல்லோரும் ஃபைட்டரைத்தான் சந்தேகித்தார்கள். கடித்தது டைகர் பார்ப்!

டைகர் பார்ப் கூட்டமாக வாழும் மீன். ஆறு, எட்டு என்று இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்திப் பிடித்து விளையாடிக்கொள்ளும். ஒன்று இரண்டாகப் போட்டால் அந்தத் துடுக்குத்தனம் முழுவதும் மற்ற மீன்களின் நீண்ட வால் மேலேதான் போகும். ஆகவே தொல்லை தருகிறது என்று ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்திருப்பதால் பயனில்லை. ஒன்று எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், அல்லது முழுவதையும் வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். கூட்டமாக இருந்தாலும் ஃபைட்டர், ஏஞ்சல், கப்பி மாதிரி நீண்ட வால், செட்டை உள்ளவற்றோடு இதைச் சேர்க்கவே கூடாது.

ஃபைட்டரின் கதை வேறு. ஆண் ஃபைட்டர் இன்னொரு ஆணைக் கண்டால் விடாது. இரண்டை ஒரே தொட்டியில் போடவே வேண்டாம். பெரிய வாலுள்ள ஆண் கப்பியையும் எதிரி என்று நினைத்துப் பாயலாம். அதைத் தனியாக வைப்பதுதான் நிம்மதி.

ஏஞ்சல் குட்டியாக இருக்கும்போது சாது. வளர்ந்த பிறகு வாய்க்குள் அடங்கும் கப்பிக் குஞ்சுகளை விழுங்கிவிடும். ஜோடி சேர்ந்து முட்டையிட்டால் தொட்டியில் பாதி தங்களுக்கே சொந்தம் என்று மற்றதை விரட்டும். கப்பியிலும் சச்சரவு உண்டு. ஆண்கள் அதிகமானால் பெண் மீனை ஓயாமல் துரத்தி இளைக்க வைத்துவிடும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று விடுங்கள்.

கோல்ட் பிஷ் சண்டைக்காரன் இல்லை. ஆனால் அது குளிர்ந்த தண்ணீரில் வாழ்வது, மற்றவை சூடு கேட்பவை. ஏஞ்சல், ஃபைட்டர் போன்றவற்றுக்கு 25 பாகை அளவு சூடு வேண்டும். நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் ஹீட்டர் இல்லாமல் அவை சுருண்டுவிடும். மேட்டுத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு எங்கள் யோசனை கோல்ட் பிஷ் மட்டும் வளர்ப்பதுதான். அது அதிகம் கழிவு விடும், ஆகையால் இரண்டடித் தொட்டிக்கு இரண்டு போதும். ஹீட்டர் வைத்திருப்பவர்கள் பிளக்கைக் கழற்றாமல் தண்ணீரில் கை வைக்க வேண்டாம்.

இட நெருக்கடியும் சண்டையை வளர்க்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பிராவில் குடும்பம் நடத்துகிற நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை! ஒளிந்துகொள்ள இடம் கொடுங்கள். கழுவிய சிரட்டை, உடைந்த மண்சட்டி, நீர்ச்செடி எல்லாம் உதவும். துரத்தப்படும் மீன் கண்ணுக்கு மறைந்தாலே பாதிச் சண்டை குறையும். புதிய மீன் விடும் அன்றைக்குக் கல், சட்டி எல்லாவற்றையும் இடம் மாற்றி வையுங்கள். பழைய மீனுக்குத் தன் எல்லை எது என்று குழம்பிப்போகும், புதியதும் பழையதும் ஒன்றாகவே இடம் தேடும். முரட்டு மீனை எப்போதும் கடைசியாக விட வேண்டும். ஏற்கெனவே உள்ள முரடனை நாலைந்து நாள் வேறு பாத்திரத்தில் வைத்துவிட்டுத் திரும்ப விட்டாலும் கொஞ்சம் அடங்கும். அதற்கும் அடங்காவிட்டால் தொட்டியின் நடுவில் கண்ணாடித் தடுப்புத்தான் வழி.

கடிபட்ட மீனைத் தனி வாளிக்கு மாற்றி, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 1 கிராம் அளவில் கல்லுப்புக் கரைத்து விடுங்கள். தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் வால் மெதுவாக முளைக்கும். பீலித் தண்ணியை அப்படியே ஊற்றாதீர்கள். ஓர் இரவு அறைக்குள் வைத்துக் குளிர் குறைந்த பின் ஊற்றுங்கள். மலையில் மருந்து அடித்த நாட்களில் பீலித் தண்ணியே வேண்டாம்.

இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்துப் பிள்ளைகள் ஓடையில் தல்கொஸ்ஸா பிடித்து வந்து கப்பியோடு விடுவதுண்டு. இலங்கைக்கே உரிய அந்த மீன் ஐந்து அங்குலம் வரை வளரும், சின்ன மீன்களை விட்டு வைக்காது. ஓடையிலேயே அது இருக்கட்டும். அதேபோல் கடையில் வாங்கிய முரட்டு மீனை 'பாவம், பிழைத்துப் போகட்டும்' என்று ஓடையில் விடாதீர்கள். அழகுக்காகக் கொண்டுவந்த கத்தி மீன் இன்று நம் நாட்டு ஆறு குளங்களில் பெருகி, உள்ளூர் மீன்களைத் தின்றுகொண்டிருக்கிறது. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள்.

அந்தப் பையன் டைகர் பார்ப் இரண்டையும் அப்படித்தான் கொடுத்து, வேறு நான்கு பெண் கப்பிகள் வாங்கி வந்தான். ஏஞ்சலை என்ன செய்வது என்று அம்மாவோடு இன்னும் வழக்குப் பேசிக்கொண்டிருக்கிறான். ஃபைட்டர் இப்போது தனிப் போத்தலில் இருக்கிறது.