வெள்ளியும் தாமிரமும் தண்ணீரைக் காக்குமா? விற்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை



ஒரு காலத்தில் தண்ணீர் சம்பந்தமாக நம் மளிகைக் கடைகளில் விற்ற சரக்கு இரண்டே இரண்டு. ஒன்று படிகாரம், மற்றொன்று பிளீச்சிங் பவுடர். இன்று வெள்ளி சேர்த்த ஃபில்டர் கேண்டில், கரித்தூள் கார்ட்ரிட்ஜ், செம்புப் பாட்டில் என்று அலமாரியே நிறைந்துவிட்டது. வாங்க வருகிறவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "அண்ணாச்சி, இதைப் போட்டால் கிருமி செத்துவிடுமா? வேறு மருந்து வேண்டாமா?" கடைக்காரர் சொல்லும் பதிலை நம்பித்தான் அவர் வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்.

இக்கேள்விக்குத் தெளிவான விடை, நம் கடைக்குச் சம்பந்தமில்லாததுபோல் தோன்றும் ஒரு சரக்கில் இருக்கிறது. அமெரிக்காவில் ஹாட் டப் என்னும் வெந்நீர்க் குளியல் தொட்டிக்குப் போடப்படும் "மினரல் கார்ட்ரிட்ஜ்" என்பதே அது. அதன் வேலை என்ன, அதன் எல்லை எது என்று தெரிந்துகொண்டால், நம் அலமாரியில் உள்ளதைப் பற்றியும் சரியாகப் பேசலாம்.

தொட்டியின் தன்மை

ஹாட் டப் என்பது நான்கைந்து பேர் உட்கார்ந்து குளிக்கும் தொட்டி. சுமார் 1,000 முதல் 2,000 லிட்டர் வரை தண்ணீர் பிடிக்கும். வெப்பம் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. பக்கவாட்டுக் குழாய்களிலிருந்து காற்றும் நீரும் வேகமாகப் பீறிட்டு உடம்பைப் பிடித்துவிடும். குளித்த நீரை அன்றன்று கொட்டுவதில்லை. பம்ப் அதே நீரை ஃபில்டர் வழியாகச் சுற்றிச்சுற்றி அனுப்பும். வீடுகளில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் முழுவதும் மாற்றுவார்கள்.

இதை வியாபாரக் கணக்காகப் பாருங்கள். 1,500 லிட்டர் தொட்டியில் நான்கு பேர் இறங்கினால் ஆளுக்கு 375 லிட்டர். 75,000 லிட்டர் பிடிக்கும் ஒரு நீச்சல் குளத்தில் இதே நெருக்கடி உண்டாக வேண்டுமானால் 200 பேர் ஒரே சமயத்தில் இறங்க வேண்டும். அவ்வளவு வியர்வையும் எண்ணெய்ப் பசையும் அந்தச் சிறு தொட்டியில் சேருகின்றன. மேலும், வெதுவெதுப்பான நீரில் கிருமி வேகமாகப் பெருகும். சூட்டினாலும் காற்றுக் குமிழினாலும் குளோரினோ சீக்கிரம் தீர்ந்துபோகும். வரவு அதிகம், இருப்பு குறைவு என்ற நிலை.

கார்ட்ரிட்ஜ் செய்யும் வேலை

மினரல் கார்ட்ரிட்ஜ் என்பது ஃபில்டருக்குள் செருகும் ஒரு குழல். உள்ளே வெள்ளி பூசிய மணிகள் இருக்கும். சில வகைகளில் தாமிரமோ துத்தநாகமோ சேர்ந்திருக்கும். தண்ணீர் அதன் ஊடே ஓடும்போது மிக நுண்ணிய அளவில் உலோகம் கரைந்து நீரில் கலக்கிறது. வெள்ளி, கிருமியின் உடலிலுள்ள புரதங்களைப் பற்றிக்கொண்டு அதன் இயக்கத்தை முடக்கும். தாமிரம் பாசியை அடக்கும். உலோகத்தின் இந்தச் சக்தியை நேகலி என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் ஆராய்ந்து எழுதியது 1893இல் வெளிவந்தது. இன்றைய சர்வதேச விண்வெளி நிலையத்தில் ரஷ்யர்களின் பகுதியில் குடிநீர் கெடாமலிருக்க வெள்ளியே சேர்க்கப்படுகிறது. ஆகவே, இது வெறும் விளம்பரப் பேச்சு அல்ல. சரக்கில் சத்து உண்டு.

செய்யாத வேலை

ஆனால் மூன்று குறைகள் உள்ளன.

முதலாவது, வேகம். சரியான அளவில் இருக்கும் குளோரின் பெரும்பாலான பாக்டீரியாக்களைச் சில நிமிடங்களுக்குள் கொன்றுவிடும். வெள்ளிக்கோ மணிக்கணக்கில் அவகாசம் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் உடம்பிலிருந்து வரும் கிருமி நம்மை வந்து சேர அவ்வளவு நேரம் ஆகாது.

இரண்டாவது, அழுக்கு. குளோரின் கிருமியைக் கொல்வதோடு வியர்வை, எண்ணெய்ப் பசை முதலியவற்றையும் சிதைக்கிறது. உலோகம் அதைச் செய்யாது. அழுக்கு தங்கினால் குழாயின் உட்புறம் வழுவழுப்பான படலம் கட்டும். அதற்குள் ஒளிந்த கிருமியை எந்த மருந்தும் எளிதில் தொடாது.

மூன்றாவது, நீரிலுள்ள உப்பு. குளோரைடு உப்பு வெள்ளியோடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடும். அப்போது வெள்ளியின் வேகம் மேலும் குறையும்.

நம் கடை வழக்கத்தில் சொல்வதானால், பருப்பு மூட்டையில் போடும் காய்ந்த வேப்பிலை போன்றது இந்தக் கார்ட்ரிட்ஜ். வேப்பிலை நல்லதுதான். ஆனால் ஈரப் பருப்பை மூட்டை கட்டி, ஒழுகும் கிடங்கில் வைத்துவிட்டு, வேப்பிலை பார்த்துக்கொள்ளும் என்று எந்த வியாபாரியும் இருக்கமாட்டார்.

கண்காட்சியில் நடந்தவை

இதில் அலட்சியம் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நடந்த சம்பவங்கள் உண்டு. அவை வியாபாரிகளான நாம் அவசியம் அறியவேண்டியவை. 1999 பிப்ரவரியில் நெதர்லாந்து நாட்டின் போவன்கார்ஸ்பெல் ஊரில் மலர்க் கண்காட்சி நடந்தது. அதையொட்டிய விற்பனை அரங்கில், வாடிக்கையாளரின் பார்வைக்காகக் குளியல் தொட்டிகளில் நீர் நிரப்பி ஓடவிட்டிருந்தார்கள். லீஜியோனெல்லா என்னும் கிருமி அந்நீரில் பெருகிவிட்டது. குமிழிகள் வெடித்துக் கிளம்பிய நுண்துளிகளைச் சுவாசித்தவர்களுக்கு நிமோனியா கண்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்று, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நோயாளிகளிடம் கண்ட அதே வகைக் கிருமி தொட்டி நீரிலும் இருந்தது.

2019 செப்டம்பரில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் நடந்த பொருட்காட்சியிலும் இதே கதைதான். 130 பேருக்கு மேல் நோயுற்று, 4 பேர் இறந்தனர். விற்பனைக்காக ஓடவிட்ட வெந்நீர்த் தொட்டிகளே காரணமாக இருக்கக்கூடும் என்று சுகாதார அதிகாரிகள் கண்டனர். இரண்டு இடங்களிலும் நோயுற்றவர்கள் தொட்டியில் குளித்தவர்கள் அல்லர். கடை வழியே நடந்தவர்கள். சரக்கை வாங்காதவரையும் அது பாதித்தது.

முறையாகப் பயன்படுத்துவது எப்படி?

அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் சொல்லும் அளவுகள் இவை. குளோரின் குறைந்தது 3 பிபிஎம், அல்லது புரோமின் குறைந்தது 4 பிபிஎம் இருக்கவேண்டும். நீரின் பி.எச். அளவு 7.0க்கும் 7.8க்கும் இடையில் இருக்கவேண்டும். பிபிஎம் என்றால் பயப்பட வேண்டாம். 1,000 லிட்டர் நீரில் 1 கிராம் என்பதே 1 பிபிஎம். கார்ட்ரிட்ஜ் போட்டிருந்தாலும் இந்தக் காவல் தேவை.

1. மருந்து அளவைப் பரிசோதனைத் தாளால் பார்த்த பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். நீர் கண்ணாடிபோல் தெளிந்திருப்பது அத்தாட்சி ஆகாது.

2. கார்ட்ரிட்ஜின் ஆயுள் பொதுவாக நான்கு மாதம். அதன் பிறகும் மணிகள் உள்ளே இருக்கும், பார்ப்பதற்கு அப்படியே இருக்கும். உலோகம் கரைவது குறைந்திருக்கும். போட்ட தேதியை எழுதி ஒட்டுவது நல்லது.

3. ஃபில்டரை அடிக்கடி கழுவ வேண்டும். நீரை மாற்றும்போது தொட்டியைத் தேய்த்துக் கழுவவேண்டும்.

4. தாமிரம் உள்ள வகையில் பி.எச். மீறினால் தொட்டியில் கறை பிடிக்கும், வெளிர்நிறத் தலைமுடியும் பச்சை ஏறும். அதிகம் போட்டால் அதிக நன்மை என்பது இதில் இல்லை.

சில கம்பெனிகள் கார்ட்ரிட்ஜ் இருந்தால் குறைந்த குளோரின் போதும் என்கின்றன. வேறு சில, குளோரினுக்குப் பதிலாக இன்னொரு ஆக்சிஜனேற்ற மருந்தைக் குறிக்கின்றன. எப்படியானாலும் கார்ட்ரிட்ஜ் துணையாள்தான். அமெரிக்கச் சட்டப்படி, கிருமியைக் கொல்லும் என்று சொல்லி ஒரு பொருளை விற்க வேண்டுமானால் அதைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் பதிவு செய்யவேண்டும். லேபிளில் அனுமதித்ததற்கு மேல் விற்பவர் வாயால் சொல்வதும் அங்கே குற்றம்.

நம் அலமாரிக்கு வருவோம்

முதலில், பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் ஆர்.ஓ. மெஷினுக்கு விற்கும் "மினரல் கார்ட்ரிட்ஜ்" வேறு. அது கால்சியம், மக்னீசியம் போன்றவற்றைச் சேர்த்து ருசியைச் சரிசெய்வது. கிருமியைக் கொல்வது அதன் வேலை அல்ல. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றாகச் சொல்லி விற்கக்கூடாது.

வெள்ளி சேர்த்த கேண்டிலிலும் கரித்தூளிலும் வெள்ளியின் முக்கிய வேலை, ஃபில்டருக்குள்ளேயே கிருமி குடியேறிப் பெருகாமல் தடுப்பது. குடிநீரைச் சுத்திகரிக்கும் முதல் மருந்தாக வெள்ளியை நம்ப ஆதாரம் போதாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. செம்புப் பாத்திரத்தில் இரவு முழுவதும் வைத்த நீரில் பாக்டீரியா குறையும் என்பது உண்மை. ஆனால் ஒரு மணி நேரம் வைத்துக் குடிப்பதற்கு அந்தப் பலன் கிடையாது. எலுமிச்சைச் சாறு, மோர் போன்ற புளிப்பானவற்றைச் செம்புப் பாட்டிலில் ஊற்றவே கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புளிப்பில் தாமிரம் அதிகம் கரைந்து வாந்தி உண்டாகும்.

பிளீச்சிங் பவுடரைப் பழைய சரக்கு என்று ஒதுக்கவேண்டாம். குழாய்க் குடிநீரில் கடைசிவரை கொஞ்சம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும், அது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது என்பது இந்தியத் தரக்குறியீடு. அதே சமயம், அந்தப் பவுடர் ஈரக் காற்றுப் பட்டால் வீரியம் இழந்துவிடும். திறந்த மூட்டையிலிருந்து அள்ளி விற்பது, குளோரின் போன சுண்ணாம்பை விற்பதற்குச் சமம். இருள், குளிர்ச்சி, காற்றுப் புகாத மூடி ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். பழைய சரக்கை முதலில் தள்ளும் முறையை இதில் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

ஆகவே, "இதைப் போட்டால் போதுமா?" என்று கேட்பவருக்கு நாம் சொல்லவேண்டிய பதில் இதுதான்: "இது உதவும், ஆனால் இது மட்டும் போதாது. குடிக்கும் தண்ணீராக இருந்தால் காய்ச்சுங்கள், அல்லது அளவோடு குளோரின் போடுங்கள். கார்ட்ரிட்ஜைக் கெடு தேதிக்குள் மாற்றுங்கள்." இப்படிச் சொல்வதால் அன்றைய விற்பனை ஒன்று குறையலாம். ஆனால் அந்த வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வராமல் இருந்தால், அடுத்த மாதச் சாமான் பட்டியலோடு அவர் நம் கடைக்கே வருவார்.