தொடைச் சதை தரும் சிரிப்பு!

பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் பஸ்சில் போகிறவர்களுக்குத் தண்டலம் ஸ்டாப் தெரியும். அங்குள்ள சவீதா மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிதான் 2022-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஊரெல்லாம் பேச்சு!

ஆவடிப் பக்கத்துச் சிறுமி, வயது ஒன்பது. ஒரு பக்க முகம் வருஷக்கணக்கில் குழி விழுந்துகொண்டே போனது. ‘பாரி ராம்பெர்க்’ என்ற அபூர்வ நோய். தோல், கொழுப்பு, சிலருக்கு எலும்புகூட கரைந்துவிடும். காரணம் டாக்டர்களுக்கே சரிவரப் பிடிபடவில்லை. பத்திரிகைகளில் செய்தி வந்தது. இலவச சிகிச்சைக்கு அரசு ஏற்பாடு செய்தது. 23-ந்தேதி பல மணி நேர ஆபரேஷன். முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் நேரில் வந்து பார்த்தார்.

ஒட்டினால் ஒட்டுமா?

உடம்பின் வேறு இடத்துச் சதையை வெட்டிக் கன்னத்தில் வைத்தால் போதுமா? ரத்தம் ஓடாவிட்டால் அழுகிவிடும். ஆகவே ரத்தக்குழாயோடு சேர்த்து எடுத்து, முகத்துக் குழாயோடு மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைக்கிறார்கள். குழாயின் அகலம் இரண்டு மில்லிமீட்டர் இருந்தால் பெரிசு! நூலோ தலைமுடியை விட மெல்லிசு.

இதே வித்தைதான் முக வாதத்துக்கும் கைகொடுக்கிறது. அதில் முகம் கரையாது, அசையாது. காதோரம் வரும் ஏழாவது நரம்பு விபத்திலோ கட்டியிலோ கெட்டால், கண் மூடாது, டீ வாயோரம் ஒழுகும். கல்யாண வீட்டில் போட்டோகிராபரைக் கண்டாலே நழுவி விடுவார்கள், பாவம்.

எல்லோருக்கும் கத்தி வேண்டாம்

காலையில் எழுந்தால் திடீரென்று ‘மூஞ்சி கோணிப்போச்சு’ என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகும். மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்கினால் நல்லது. கை கால் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

நரம்பு கெட்டு ஒன்றரை, இரண்டு வருஷம் ஆனால் முகத் தசை வீணாகிவிடும். அப்புறம் புதுத் தசைதான் வழி. 1976-ல் ஜப்பான் டாக்டர் ஹாரி குழுவினர் தொடையின் உள்பக்கத் தசையை முகத்தில் பொருத்திக் காட்டினார்கள். அதை எடுத்தாலும் நடை கெடாது.

பல்லைக் கடி!

புதுத் தசைக்கு நரம்பு? மெல்லுவதற்கான நரம்பில் ஒன்றை இணைக்கிறார்கள். சில மாதம் கழித்து, பல்லைக் கடித்தால் உதடு மேலே ஏறும்! கண்ணாடி முன் நின்று தினமும் பழக வேண்டும். பழகப் பழக, கடிக்காமலே சிரிப்பவர்களும் உண்டு.