காட்டுப்பன்றியிலிருந்து பயிரைக் காத்தல்: வேலியும் வேட்டையும் அனுமதியும்

நுவரெலியா, கந்தப்பளை, இராகலைப் பகுதிகளில் மரக்கறி செய்வோரும், வலப்பனை, கொத்மலைப் பக்கங்களில் வயல் செய்வோரும் விவசாயப் போதனாசிரியரைக் கண்டவுடன் முதலிற் கேட்பது இப்பொழுது பசளையைப் பற்றியன்று, காட்டுப்பன்றியைப் பற்றியேயாகும். பூச்சியும் பூஞ்சணமும் பயிரைச் சிறிது சிறிதாகவே கெடுக்கும். மருந்து தெளிக்க அவகாசமுண்டு. பன்றியோ மூன்று மாத உழைப்பை ஓர் இரவில் முடித்துவிடும்.

சென்ற ஆண்டு அட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தில், லயத்துக்குக் கீழே 20 பேர்ச் அளவான நிலத்தில் உருளைக்கிழங்கு நட்டிருந்த ஒருவரின் பாத்திகளைப் பார்க்கச் சென்றேன். கிழங்கு திரளும் தறுவாய். பாத்திகள் கலப்பை உழுததுபோற் கிடந்தன. கடன் வாங்கி விதைக்கிழங்கு வாங்கியவர் அவர். “ஐயா, எல்லாரும் சுருக்கு வைக்கிறாங்க. நானும் வைக்கவா?” என்று கேட்டார். வேண்டாம் என்று மாத்திரம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேறு என்ன செய்வது என்று கூறாமல் வேண்டாம் என்பது போதனையாகாது. அன்று அவருக்குக் கூறியிருக்க வேண்டியவற்றை இப்பிரசுரத்தில் எழுதுகின்றேன்.

பன்றியின் இயல்பு

காட்டுப்பன்றி இந்நாட்டுக்குரிய விலங்கு; வெளியிலிருந்து வந்ததன்று. தாய்ப்பன்றிகளும் குட்டிகளும் கூட்டமாகத் திரியும். வளர்ந்த கடாப்பன்றி பெரும்பாலும் தனியே திரியும். இதனைத் தனியன் என்பர். சினைக்காலம் ஏறக்குறைய 115 நாட்கள். ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் பிறத்தல் வழக்கம். அவற்றுட் பெண்குட்டிகள் ஒரு வருடமளவிற் சினைப்படத்தக்கவையாகிவிடும்.

இக்கணக்கை மனத்திற் கொள்ளாது துப்பாக்கியை எடுப்பதாற் பயனில்லை. இரவிற் காவல் இருப்பவரின் குறிக்கு எளிதில் அகப்படுவது தனியனே. அதைச் சுட்டால் இறைச்சி கிடைக்கும். ஆனால் அடுத்த பருவத்திற் பயிரைத் தோண்ட வரும் கூட்டம் குறையாது. ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலும் இவ்வனுபவமே உண்டாயிற்று. அங்கு காட்டில் திரியும் பன்றி அந்நிய விலங்கு. ஆகவே அதனை முற்றாக அழிப்பதே அரசாங்கத்தின் நோக்கம். அப்படியிருந்தும், மாநிலப் பாதுகாப்புத் திணைக்களம் தனது காணிகளிற் பன்றி வேட்டையை 2016ஆம் ஆண்டிலே தடைசெய்தது. ஒன்றிரண்டைச் சுட்டவுடன் கூட்டம் சிதறி அயற்காணிகளுக்குப் பரவியதும், சிலர் வேட்டைக்காகவே பன்றிகளைக் கொணர்ந்து விட்டதும் காரணங்களாம். அதன்பின் கூட்டம் முழுவதையும் பெரிய கூண்டுப் பட்டியில் ஒருசேரப் பிடிக்கும் முறையையே கைக்கொண்டனர்.

நமது மலைநாட்டின் கதையும் இதற்கு மாறானதன்று. சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்து, கமமும் செய்து, வேட்டைநாய்களோடு இம்மலைகளெங்கும் மரையும் பன்றியும் வேட்டையாடினார். அவருக்குப் பின்னும் துரைமார் பலர் வேட்டையாடினர். ஹோட்டன் சமவெளியில் முன்னர் திரிந்த யானை இன்றில்லை. பன்றி இருக்கிறது.

படுக்குமிடமும் உண்ணுமிடமும்

பன்றி பகலிற் படுக்க மறைவும், புரளச் சேறும் வேண்டும். பராமரிப்பின்றிக் காடேறிய தேயிலை மலை, மானாப் புற்றரை, ஓடையோரப் பற்றை ஆகியவை இதற்கு மிக வாய்ப்பான இடங்கள். கவ்வாத்தும் களையெடுப்பும் தவறாது நடக்கும் மலையிற் பன்றி நிரந்தரமாகத் தங்குவதில்லை.

பன்றி கிழங்குக்காக மாத்திரம் வருவதில்லை என்பதைப் பலர் அறியார். மாட்டெருவும் கூட்டெருவும் இட்டு ஈரமாக வைத்திருக்கும் பாத்தியில் மண்புழுக்கள் பெருகும். அவற்றின் மணத்தை அறிந்தே பன்றி மண்ணைக் கிளறும். லீக்ஸும் கோவாவும் தின்னப்படாமலே வேரோடு சரிந்து கிடப்பதைக் கண்டு, இது பன்றியின் வேலையா என்று சிலர் ஐயுறுவதற்குக் காரணம் இதுவே. எருவிடுவதை நிறுத்த வேண்டும் என்று கூறவில்லை. நல்ல மண்ணுக்கு எரு இன்றியமையாதது. நல்ல மண் உள்ளவனுக்கே வேலி அதிகம் வேண்டும் என்பதே கருத்து.

கழித்த உருளைக்கிழங்கையும் கரட்டையும் கோவா இலைகளையும் தோட்ட ஓரத்திற் குவித்துவைத்தல் பன்றிக்கு விருந்து வைப்பதை ஒக்கும். குழியிலிட்டு மண்ணால் மூடிக் கூட்டெருவாக்க வேண்டும். பயிர் நிலத்தைச் சுற்றி 15 அடி அகலத்துக்காவது பற்றையை வெட்டித் துப்புரவாக வைத்தால் பன்றி வெளிப்பட அஞ்சும். இதற்காக மண்ணைக் கொத்தி வெறுமையாக்குதல் கூடாது. மலைச்சரிவில் அவ்வாறு செய்தால் முதல் மழையிலே மண் போய்விடும். புல்லைக் கட்டையாக வெட்டிவிட்டாற் போதும்.

பழைய சேலைகளைக் கட்டுதல், விளக்கு வைத்தல், வானொலி பாடவிடுதல் ஆகியவை சில இரவுகளுக்குப் பயன்படும். பின்னர் பன்றி பழகிவிடும்.

ஒருவர் வேலியும் ஊர் வேலியும்

பன்றி வேலியைத் தாண்டுவதிலும் அடியால் நுழைவதையே விரும்பும். ஆகையால் வேலியின் பலம் அடியிலிருக்க வேண்டும். முட்கம்பியை மாத்திரம் இழுத்துக் கட்டினால் தடித்த தோலுடைய பன்றி நெருக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடும். கம்பிவலை அடிப்பதாயின் அதன் அடி விளிம்பை ஓர் அடி ஆழத்திற்குப் புதைத்தல் வேண்டும். சூரிய ஒளியால் இயங்கும் மின்வேலிக்கு, நிலத்திலிருந்து 8 அங்குல உயரத்தில் முதற்கம்பியும் 18 அங்குலத்தில் இரண்டாவது கம்பியும் போதுமானவை. சரிவில் நிலம் குழியும் இடங்களிற் கம்பியையும் தாழ்த்திக் கட்ட வேண்டும். கான் குறுக்கிடும் இடங்களே பன்றியின் வாயில்கள். அங்கே தடிகளை நெருக்கமாக அறைதல் அவசியம். கம்பியிற் புல் முட்டினால் மின் வலு குன்றிவிடும். ஆதலால் வாரம் ஒருமுறை அடிப்புல்லை வெட்ட வேண்டும். கிழங்கு திரளுமுன்னரும், நெல் பால்பிடிக்குமுன்னரும் வேலி இயங்கத் தொடங்கவேண்டும். ஒருமுறை ருசி கண்ட பன்றியைத் தடுப்பது கடினம்.

மின்வேலி என்பது அதற்கென அமைந்த கருவியிலிருந்து விட்டுவிட்டு வரும் சிற்றதிர்வைக் கொண்டது. வீட்டு மின்சாரத்தைக் கம்பியிற் கொடுத்தல் சட்டவிரோதம். இதனால் அயலவரும், கம்பி கட்டியவருமே இறந்துள்ளனர்.

செலவு அதிகம் என்பர். கணக்கைப் பார்ப்போம். 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர் கொண்ட ஒரு சதுர நிலத்தைச் சுற்றி அடைக்க ஏறக்குறைய 417 அடி வேலி வேண்டும். அத்தகைய 20 நிலங்களைத் தனித்தனியே அடைத்தால் மொத்தம் 8,340 அடி. அவை அடுத்தடுத்துச் சதுரமாக அமைந்த 5 ஏக்கராயின், முழுவதையும் ஒரே வேலியால் அடைக்க 1,870 அடி போதும். ஒருவர் பங்கு 94 அடிக்குள் அடங்கும். நிலங்கள் சதுரமாக அமையாவிடினும் இலாபம் பெரிதே. ஆனால் 20 பேரில் ஒருவர் தமது பகுதியிற் புல் வெட்டாவிட்டால் 20 பேரின் வேலியும் கெடும். ஆதலின், முறைவைத்துப் பார்ப்பது யார் என்று கம்பி வாங்குமுன்னரே பேசி முடிக்க வேண்டும். நான் கண்ட பொதுவேலிகள் கெட்டது கம்பியின் குறையினாலன்று, பேச்சுக் குறைந்ததனாலேயே.

வேட்டையும் அனுமதியும்

1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்குகளுட் சேராது. ஆயினும் இதிலிருந்து எவரும் எங்கும் எவ்வகையிலும் கொல்லலாம் என்று கொள்ளற்க. தேசிய ஒதுக்குகளிலும் சரணாலயங்களிலும் எவ்விலங்கையும் வேட்டையாட முடியாது. சிவனொளிபாதமலைக் காடு இவ்வகையது. துப்பாக்கிக்கு ஆண்டுதோறும் புதுப்பித்த அனுமதிப்பத்திரம் வேண்டும்.

அடுத்தது காணி பற்றியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையான தோட்டங்களிற் பெரும்பாலானவை 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் பொறுப்பில் இருந்து வருகின்றன. பன்றி மேய்வது உங்கள் பாத்தியில். படுப்பது தோட்டத்தின் காணியில். உங்கள் துப்பாக்கி அனுமதிப்பத்திரம் அயற்காணிக்குள் நுழையும் உரிமையைத் தராது. தோட்ட முகாமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெறுக. யார், எந்த மலையில், எந்த நாட்களில் என்பது அதிற் குறிக்கப்பட வேண்டும். இதனால் தோட்டத்துக்கும் நன்மையுண்டு: பயிர்க்காவல் என்று சொல்லிக்கொண்டு, நாய்களுடன் இறைச்சி வியாபாரத்துக்காக வெளியார் வருவதை முகாமையாளர் அப்பொழுதுதான் தடுக்க முடியும். அதே கடிதத்தில், எல்லையோரக் காடேறிய தேயிலையை வெட்டித் தருமாறும் கேளுங்கள். வேட்டை அனுமதியிலும் இவ்வேண்டுகோளே பயன் மிகுந்தது என்பது என் எண்ணம்.

சுடுவோர் பரண்மீதிருந்து கீழ்நோக்கிச் சுடவேண்டும். குண்டு மண்ணிற் புதையவேண்டும். மலைச்சரிவிற் கிடையாகச் சுட்ட குண்டு கீழேயுள்ள லயத்தைச் சென்றடையும். செடி அசைவதைக் கண்டு சுடுதல் கொலைக்கு ஒப்பாகும்; விடியுமுன் மலையில் நடமாடுவோர் உளர்.

சுருக்கு ஏன் கூடாது

கம்பிச் சுருக்கும், கட்டுத்துவக்கும், ஹக்கபட்டாஸ் என்னும் வாய்வெடியும் வந்த விலங்கு எதுவென்று பாரா. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் ஓர் அரிய கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் அகப்பட்டது. உடவளவைக்குக் கொண்டுசென்று சிகிச்சையளித்தும் சில நாட்களில் இறந்தது. அதற்கு முன்னும் பின்னும் தேயிலைத் தோட்டங்களிற் சுருக்கிற் சிக்கி மாண்ட சிறுத்தைகள் பல. சிறுத்தையைக் கொன்றால் வழக்கும் தண்டனையும் உண்டு என்பது ஒருபுறமிருக்க, கமக்காரருக்கு அதனால் வரும் நட்டத்தை எண்ணிப் பாருங்கள். இம்மலைகளிற் பன்றிக்குட்டிகளைப் பிடித்துத் தின்னும் பெரிய விலங்கு சிறுத்தை ஒன்றே. நாயையும் பிடிக்கிறதே என்பீர்கள், உண்மைதான். இரவில் நாயைக் கட்டிவைத்துக் காப்பாற்றலாம். பன்றிக் கூட்டத்தைக் குறைக்க அதுபோற் கூலியின்றி உழைப்பவர் வேறெவருமில்லை.

பன்றி வளர்ப்போருக்கு ஒரு குறிப்பு. ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2024ஆம் ஆண்டில் இந்நாட்டிற் கண்டறியப்பட்டது. மனிதருக்கு இது தொற்றாது. வளர்ப்புப் பன்றிகளுக்குத் தடுப்பும் சிகிச்சையும் அரிது. காட்டுப்பன்றி இறைச்சியையோ கழிவையோ பன்றிக் கொட்டிலின் அருகே கொண்டுபோகக் கூடாது. செத்துக்கிடக்கும் பன்றியைத் தொடாது, அரசாங்க மிருக வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும்.

சுருக்கிற் சிறுத்தையோ வேறு விலங்கோ சிக்கியிருக்கக் கண்டால் அண்மையிற் செல்லவும் கம்பியை வெட்டவும் முயல வேண்டாம். கூட்டம் கூடினால் விலங்கு மேலும் திமிறி உட்காயமடையும். கம்பி அறுந்தால் ஆட்களையும் தாக்கும். எல்லோரையும் விலக்கி, வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கு உடனே அறிவித்து, வழிகாட்ட ஒருவரைத் தெருவில் நிறுத்துங்கள். பொதுவேலி பற்றிப் பேச விரும்புவோர், நிலங்களின் எல்லை, கான்கள், பன்றி நுழையும் இடங்கள் ஆகியவற்றைக் காட்டும் கைப்படம் ஒன்றை வரைந்துகொண்டு தங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் வருக. தனியே வராமல், அயற்பாத்திக்காரரையும் அழைத்துக்கொண்டு வருதல் நன்று.