இல்லறமும் எழுத்துப் பணியும்

நெடுங்காலம் உள்ளத்திற் பேணிய இலக்கிய ஆசை இல்லறக் கடமைகளோடு ஒருங்கு நிற்குமோ என்பது பழைய வினா. கடமையைத் துறந்து கலையை நாடுவாரும் உளர். கலையைத் துறந்து கடமையில் அமைவாரும் உளர். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நெறியொன்று உண்டென்பதற்கும், அந்நெறி எளிதன்று என்பதற்கும் ஆங்கில நாவலாசிரியர் எலிசபெத் கஸ்கெல் அம்மையாரின் (1810–1865) வாழ்வு சான்றாகும்.

1832 ஆம் ஆண்டில் வில்லியம் கஸ்கெல் என்னும் சமயகுருவை மணந்து, பஞ்சாலைப் புகை சூழ்ந்த மன்செஸ்ரர் நகரில் அம்மையார் குடிபுகுந்தார். கணவருடன் இணைந்து இயற்றிய கவிதையொன்று 1837 இல் வெளிவந்தது. எனினும், அடுத்த பத்தாண்டுகளில் மக்களை வளர்த்தலும் ஏழைகளுக்கு உதவுதலுமே அவர்தம் முதற் பணிகளாயின. 1845 இல், ஓராண்டும் நிரம்பாத ஆண்மகவு காய்ச்சலால் இறந்தது. அத்துயரை ஆற்றும்பொருட்டு எழுதத் தொடங்கிய ‘மேரி பாட்டன்’ என்னும் நாவல் 1848 இல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அதற்கு அவர் பெற்ற ஊதியம் 100 பவுண். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தெட்டு. கடைசி மகளுக்கோ இரண்டே வயது.

அம்மையார் தனியறை நாடி எழுதினாரல்லர். உணவறை மேசையிலிருந்தே, வீட்டுக் காரியங்களையும் மேற்பார்த்து எழுதினார். விருந்தினரைப் பேணல், மக்களின் கல்வி, பசு பன்றி வளர்ப்பு ஆகியன எழுத்தை இடையறுத்தன. ஆயினும் அவ்வனுபவங்களே அவர் கதைகளுக்குக் கருப்பொருளாயின. வீட்டில் பணியாட்கள் இருந்தமை அவருக்குப் பெருந்துணை என்பதையும் மறத்தலாகாது. அக்காலச் சட்டப்படி மனைவியின் சம்பாத்தியம் கணவனுக்கே உரியது. 1850 இல் டிக்கன்ஸின் பத்திரிகையில் வந்த கதைக்குக் கிடைத்த 20 பவுணைக் கணவர் தம் சட்டைப்பையில் இட்டுக்கொண்டதை, அம்மையாரே தோழியொருத்திக்கு நகைச்சுவையாக எழுதியுள்ளார்.

1862 இல், நாவலெழுத விரும்பிய இளந்தாய் ஒருத்திக்கு அவர் வரைந்த கடிதம் ஈண்டுச் சிந்திக்கத்தக்கது. குழந்தைகள் சிறியராயிருக்கையில் அவர்களையே முதலிற் பேணுக. நாற்பது வயதிற் பன்மடங்கு சிறந்த நாவலை எழுதலாம். தாயாகவும் மனைவியாகவும் வாழ்ந்த அனுபவமே அதற்குக் காரணமாகும் என்பது அதன் சாரம். துணிகளை ஊறவைத்து வெளுக்கும் வேலையை இலகுவாக்கும் முறையினையும் அதிற் கூறியுள்ளார். அறிவுரையோடு ஓய்வுக்கு வழிகாட்டியமையே அக்கடிதத்தின் சிறப்பு.

எனினும், இவ்வறிவுரையை அம்மையார் தாமே முற்றாகப் பின்பற்றவில்லை. மக்கள் வளரும்வரை காத்திருந்திருப்பின் ‘மேரி பாட்டன்’ பிறந்திராது. காலமோ எவருக்கும் காத்திருப்பதில்லை. கணவருக்கு அறிவியாமலே தம் எழுத்தின் ஊதியங்கொண்டு வாங்கிய வீட்டில், 1865 நவம்பர் 12 ஆம் நாள், மக்கள் அருகிருக்க அவர் திடீரென உயிர்நீத்தார். ‘மனைவியரும் புதல்வியரும்’ எனப் பொருள்படும் பெயருடைய இறுதி நாவல் முடிவுறாது நின்றது.

ஆதலின், ஓய்வு முழுதும் கிட்டும்வரை எழுத்தை ஒத்திவைத்தலும், எழுத்தின் பேரால் இல்லத்தாரை மறத்தலும் ஒருசேரத் தவறாம். நாள்தோறும் கிடைக்கும் சிறு பொழுதைப் போற்றுதல் எழுதுவார் கடன்; அப்பொழுதை அவர்க்கு உண்டாக்கிக் கொடுத்தல் உடன்வாழ்வார் கடன். இரண்டாவது கடனை மறந்து முதலாவதை மட்டும் வற்புறுத்தல் நீதியன்று.