காற்று டேங்கை யார் சோதிப்பது?

பஞ்சர் கடையிலோ ஒர்க்‌ஷாப்பிலோ இருக்கும் கம்ப்ரஸர் டேங்கின் அடியில் சிறிய குழாய் ஒன்று இருக்கும். டிரெயின் காக் என்பார்கள். பல நாள் திறக்காமல் விட்டுத் திறந்தால் காப்பி நிறத்தில் தண்ணீர் கொட்டும். அழுத்திய காற்று ஆறும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகி அடியில் தேங்குகிறது. அதன் நிறம், உட்சுவரை அரித்த துரு. வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே தகடு மெலிந்துகொண்டே போகும்.

அந்தத் தகடு தாங்கும் பாரம் கொஞ்சமல்ல. சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தம் என்றால், 40 செ.மீ. விட்டமுள்ள டேங்க் மூடியின் மேல் மட்டும் 12 டன்னுக்கு மேல் விழுகிறது. தகடு கிழிந்தால் அத்தனை விசையும் ஒரு நொடிக்குள் வெளியேறும்.

1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 31-வது பிரிவு இதற்காகவே எழுதப்பட்டது. பாதுகாப்பான அழுத்தம் எந்த நேரத்திலும் மீறப்படக் கூடாது என்றது. அதையொட்டிய விதிகள், அங்கீகாரம் பெற்ற தகுதியாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேங்கின் வெளிப்புறத்தையும், ஆண்டுக்கு ஒருமுறை உட்புறத்தையும் பார்த்துச் சான்று தர வேண்டும் என்கின்றன. சேஃப்டி வால்வு, சிவப்புக் கோடிட்ட பிரஷர் கேஜ், அடியில் டிரெயின் காக் ஆகியவை கட்டாயம்.

ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்தில் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய, 2025-இல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு அந்த வரம்பை 20 ஆக உயர்த்தியது. இரண்டு பேர் வேலை பார்க்கும் கடைக்கு ஆய்வாளர் வருவதில்லை. டேங்குக்கு ஆள் கணக்கு தெரியுமா? இந்த இடைவெளி தவறு என்றே நான் நினைக்கிறேன். அரசு அதை அடைக்கும்வரை பொறுப்பு கடைக்காரரிடம்தான் இருக்கிறது.

டேங்கின் பலத்தை அறியத் தண்ணீர்ச் சோதனை உண்டு. காற்றை முழுக்க வெளியேற்றி, டேங்க் நிறையத் தண்ணீர் நிரப்பி, வழக்கத்தைவிடக் கூடுதல் அழுத்தம் கொடுப்பார்கள். தண்ணீர் அவ்வளவாகச் சுருங்காது. ஆகவே தகடு விட்டாலும் கசியுமே தவிர வெடித்துச் சிதறாது. இதையே காற்றை வைத்துச் செய்து பார்ப்பது உயிரோடு விளையாடுவது. அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டின் கனத்தையும் அளக்கலாம். இரண்டையும் தகுதியாளரிடமே விட வேண்டும்.

கடைக்காரர் செய்யக்கூடியவையும் உண்டு. தினமும் தண்ணீரை வடியுங்கள். கேஜ் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியும் மோட்டார் நிற்கவில்லை என்றால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். மோட்டாரைத் தானாக நிறுத்த வேண்டிய பிரஷர் சுவிட்ச் போயிருக்கிறது. அப்படி ஒரு நாளில் மிச்சமிருக்கும் ஒரே காவல் சேஃப்டி வால்வுதான். காற்று கசிகிறதென்று அதன் ஸ்பிரிங்கை இறுக்குவதும், வால்வைக் கழற்றி போல்ட் போட்டு அடைப்பதும் வேண்டவே வேண்டாம். புது வால்வு வாங்கி மாட்டுங்கள்.

துருப்பிடித்து ஓட்டை விழுந்த டேங்கில் வெல்டிங் ஒட்டுப் போட்டு ஓட்டாதீர்கள். ஓட்டையைச் சுற்றியுள்ள தகடும் மெலிந்துதான் இருக்கும். டேங்கையே பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.