19 வயதும் ஒரு பதக்கமும்: புகையிரத ஊழியர் ஜோன் மீக்கிளின் கதை

ஸ்கொட்லாந்தின் வடக்கே டிங்வோல் என்றொரு சிறிய நகரம் இருக்கிறது. அதன் புகையிரத நிலையத்தில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. அது முதலில் அங்கே வைக்கப்பட்டதல்ல. தெற்கே, கிளாஸ்கோ பக்கமுள்ள நிட்ஷில் நிலையத்தில், அங்கே வேலை செய்த ஓர் இளைஞரின் நினைவாக எழுப்பப்பட்டது. பிற்காலத்தில் விஷமிகள் சேதப்படுத்தியதால், அதை டிங்வோலுக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த இளைஞரின் பெயர் ஜோன் மீக்கிள். முதலாம் உலகப் போரில் இறந்த அவருக்கு, பிரித்தானியாவின் அதியுயர் வீர விருதான விக்டோரியா குறொஸ் வழங்கப்பட்டது. அந்த விருதுக்கான அரச அறிவிப்பை வாசித்தபோதுதான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டுமென்று எனக்குத் தோன்றியது. ஓர் அறிக்கையில் என்ன இருக்கிறது என்பதோடு, என்ன இல்லை என்பதையும் பார்க்க வேண்டும் என்று ஊடகக் கற்கையில் சொல்லித் தந்தார்கள். அந்த அறிவிப்பில் அவருடைய வயது இல்லை.

மீக்கிள் 1898 செப்டெம்பரில் கேர்கின்ரிலொக் என்ற ஊரில் பிறந்தவர். பள்ளிப் படிப்புக்குப் பின் நிட்ஷில் நிலையத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். 1914 ஓகஸ்டில் போர் வெடித்தது. 1915 பெப்ரவரியில் அவர் சீஃபோர்த் ஹைலண்டர்ஸ் படைப்பிரிவின் 4ஆவது பட்டாலியனில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 16.

அன்றைய பிரித்தானிய விதி தெளிவானது. படையில் சேர 18 வயது. கடல் கடந்து போர்முனைக்கு அனுப்ப 19 வயது. ஆனால் ஆட்சேர்ப்பு நிலையத்தில் பிறப்புச் சான்றிதழ் கேட்கவில்லை. சொன்ன வயதை எழுதிக்கொண்டார்கள். ஆள் சேர்த்தவருக்கு ஒவ்வொரு தலைக்கும் பணம் கிடைத்தது. உயரமும் மார்பளவும் சரியாக இருந்தால் போதும். இப்படி உரிய வயதுக்கு முன்னரே சுமார் 2,50,000 பேர் பிரித்தானியப் படையில் சேர்ந்திருக்கலாம் என்பது ஒரு வரலாற்று மதிப்பீடு. சிட்னி லூயிஸ் என்ற சிறுவன் 12 வயதில் சேர்ந்து, 13 வயதில் சொம் போர்க்களத்தில் நின்றான். தாயார் பிறப்புச் சான்றிதழை அனுப்பி வைத்த பிறகே அவனைத் திருப்பி அனுப்பினார்கள்.

புகையிரத ஊழியர்கள் விடயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. போர் தொடங்கியதுமே அரசு புகையிரதங்களைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. படைகளையும் நிலக்கரியையும் வெடிபொருட்களையும் கொண்டுசெல்ல ஊழியர்கள் தேவைப்பட்டார்கள். எனவே நிர்வாகத்தின் அனுமதியில்லாமல் அவர்களைப் படையில் சேர்க்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. அப்படியிருந்தும் போர் முடிவதற்குள் 1,80,000க்கும் மேற்பட்ட புகையிரத ஊழியர்கள் படைக்குப் போனார்கள். 18,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெற்றிடங்களைப் பெண்கள் நிரப்பினார்கள். 1914இல் சுமார் 13,000 ஆக இருந்த பெண் ஊழியர் தொகை, போர் முடியும்போது 60,000ஐத் தாண்டியிருந்தது.

மீக்கிள் 19 வயதை எட்டு முன்னரே பிரான்சுக்குப் போய்விட்டார். சார்ஜன்ட் தரத்துக்கு உயர்ந்தார். வீரத்துக்கான மிலிற்றறி மெடல் என்ற பதக்கத்தையும் பெற்றார்.

1918 ஜூலை 15ஆம் திகதி ஜேர்மன் படை மேற்குமுனையில் தன் கடைசிப் பெருந்தாக்குதலைத் தொடங்கியது. 18ஆம் திகதி பிரெஞ்சுப் படை எதிர்த்தாக்குதலில் இறங்கியது. அதற்குத் துணையாக அனுப்பப்பட்ட பிரித்தானியப் படையணிகளில் ஒன்று 51ஆவது ஹைலண்ட் டிவிஷன். ரெயிம்ஸ் நகருக்குத் தென்மேற்கே ஆர்த்ர் ஆற்றுப் பள்ளத்தாக்கில், 20ஆம் திகதி அது முன்னேறியது. அடர்ந்த காடும் உயர்ந்து நின்ற தானியப் பயிரும் ஜேர்மன் இயந்திரத் துப்பாக்கிகளை மறைத்திருந்தன.

மார்ஃபோ கிராமத்துக்கு அருகே மீக்கிளின் கொம்பனி இயந்திரத் துப்பாக்கிச் சூட்டில் அகப்பட்டு நகர முடியாமல் நின்றது. அரச அறிவிப்பின்படி, அவர் தனியாளாகச் சுமார் 140 மீற்றர் வெட்டைவெளியைக் கடந்து அந்தக் காவலரணைத் தாக்கினார். ரிவோல்வரில் இருந்த குண்டுகள் தீர்ந்ததும், கையிலிருந்த தடித்த கம்பால் மிச்சப் பேரை அடித்து வீழ்த்தினார். எழுந்து நின்று தன் ஆட்களை முன்னே வரும்படி கையசைத்தார். சற்று நேரத்தில் இன்னொரு இயந்திரத் துப்பாக்கி குறுக்கிட்டது. அவருடைய பிளட்டூனில் பெரும்பாலானோர் விழுந்துவிட்டார்கள். விழுந்து கிடந்த ஒருவரின் துப்பாக்கியையும் பயனற்றையும் எடுத்துக்கொண்டு மறுபடியும் ஓடினார். அந்தத் துப்பாக்கியை நெருங்கிய இடத்தில் கொல்லப்பட்டார். பின்னால் வந்த இருவர் அதைச் செயலிழக்கச் செய்தார்கள்.

அப்போது அவருக்கு 19 வயதும் 10 மாதங்களும். விதிப்படி நடந்திருந்தால், அவரைப் போர்முனைக்கு அனுப்பக்கூடிய வயது வந்து பத்து மாதங்கள்தான் ஆகியிருக்கும். போர் ஓய இன்னும் 114 நாட்கள் இருந்தன.

அவருடைய துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த 140 மீற்றரை ஓடியவர் அவர். ஆனால் 16 வயதில் அவரை வரிசையில் நிற்கவிட்டது யார்? வயதைச் சரிபார்க்காத அதிகாரி, தலைக்குப் பணம் கொடுத்த அரசு, போகாதவனைக் கோழை என்ற சமூகம். பதக்கம் கொடுத்த பிறகு இந்தக் கேள்வியை எவரும் கேட்பதில்லை. மாவீரன் என்று சொல்லும்போது, அவன் சிறுவனாக இருந்தபோதே சேர்க்கப்பட்டவன் என்பது மறைந்துபோகிறது. பதின்ம வயதில் போருக்குப் போனவர்களை அறிந்த மண்ணிலிருந்து எழுதும் எனக்கு இது தூரத்துக் கதையாகத் தெரியவில்லை.

சிறுவர்களை ஆயுத மோதல்களில் ஈடுபடுத்துவதற்கு எதிரான ஐ.நா. நெறிமுறை 2000ஆம் ஆண்டில்தான் வந்தது. 18 வயதுக்குக் குறைந்தவர்கள் நேரடியாகச் சண்டையில் பங்கேற்காதிருக்க அரசுகள் இயன்றதெல்லாம் செய்ய வேண்டும் என்கிறது அது. ஆயினும் பெற்றோரின் சம்மதத்துடன் 16 வயதில் படையில் சேர்வதை பிரித்தானியா இன்றும் அனுமதிக்கிறது. மீக்கிள் சேர்ந்ததும் அதே வயதில்தான்.

மார்ஃபோவில் உள்ள பிரித்தானிய மயானத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்டோரோடு அவரும் புதைக்கப்பட்டிருக்கிறார். பதக்கம் டிங்வோல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நினைவுக்கல் அங்குள்ள புகையிரத நிலையத்தில் நிற்கிறது. அவர் வேலை செய்த நிட்ஷிலில் அந்தக் கல் இப்போது இல்லை.